ஏழாம் எண்ணை யார் அணிவது?

(ரெட்டியார்பாளையத்தில் விளையாட்டு ரசிகர்கள் கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச வேண்டிய பொருளை இந்தக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்த தம்பிகளே முடிவுசெய்து கொடுத்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களில் யார் யாருடைய ஜெர்சி எண்ணை இனி எவருக்கும் கொடுக்காமல் நிறுத்திவைக்கலாம் என்பதுதான் கேள்வி. இது எங்கிருந்து கிளம்பியது என்றும் சொன்னார்கள். இவர்களுடைய டென்னிஸ் பால் அணிக்குப் புது ஜெர்சி அடிக்கக் கொடுக்கும்போது 7 நம்பர் வேண்டும் என்று மூன்று பேர் நின்றிருக்கிறார்கள். தோனிக்கு மரியாதையாக அந்த நம்பரையே எடுத்துவிடுவோம் என்று ஒருவர் சொல்ல, அப்படியானால் ரெய்னாவின் 3 என்ன ஆகும் என்று இன்னொருவர் கேட்க, அஸ்வினின் 99, கோலியின் 18 என்று பேச்சு வளர்ந்து, ஜெர்சி இன்னும் அச்சுக்கே போகவில்லையாம். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. யாரை நினைவில் வைப்பது, எப்படி வைப்பது என்று ஓர் ஊர்ப் பிள்ளைகள் இரவெல்லாம் வாதாடினால் அது வரலாற்றைப் பற்றிய வாதம்தான்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டு அணியின் எண்ணை, ஆடிய ஆட்டத்தின் பெருமைக்காக மட்டும் நிறுத்திவைக்கக் கூடாது. இந்தியக் கிரிக்கெட்டில் டெண்டுல்கரின் 10, தோனியின் 7 இரண்டையும் மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். மஞ்சள் சட்டையோடு வந்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

இந்தப் பழக்கம் வட அமெரிக்காவில் பிறந்தது. நியூயார்க் யாங்கீஸ் என்ற பேஸ்பால் அணி 1929-இல் சட்டையின் முதுகில் எண் போட்டபோது மட்டை பிடிக்க இறங்கும் வரிசையையே எண்ணாகக் கொடுத்தது. மூன்றாவதாக இறங்கிய பேப் ரூத்துக்கு 3. நான்காவதாக இறங்கிய லூ கெரிக்குக்கு 4. தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கெரிக் 2,130 ஆட்டங்களை ஒன்றுகூட விடாமல் தொடர்ந்து ஆடியவர். உடம்பின் தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் வந்து 1939-இல், 36 வயதில் ஆட்டத்தை விட்டார். 1941-இல் இறந்துபோனார். அவர் விட்டுப்போன 4-ஐ இன்னொருவருக்கு மாட்டிவிட யாங்கீஸுக்கு மனம் வரவில்லை. பேஸ்பாலில் முதன்முதலில் நிறுத்திவைக்கப்பட்ட எண் அதுதான். அதற்கும் முன்பே, 1934-இல், தலையில் அடிபட்டு ஆட்டத்தையே விட நேர்ந்த ஏஸ் பெய்லியின் 6-ஐ டொரொன்டோவின் ஐஸ் ஹாக்கி அணி நிறுத்திவைத்திருந்தது.

இரண்டுமே துயரத்தில் எடுத்த முடிவுகள். 2014 நவம்பரில் சிட்னி மைதானத்தில் பவுன்சர் பட்டு, 25 வயதில் இறந்த பிலிப் ஹியூஸின் 64-ஐ ஆஸ்திரேலியா நிறுத்திவைத்ததும் அப்படித்தான். 2003-இல் பிரான்ஸின் லியோன் நகரில் ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்த கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோவின் எண்ணை அவர் ஆடிய கிளப்புகள் நிறுத்திவைத்ததும் அப்படித்தான். இவற்றில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பழக்கம் அங்கேயே நிற்கவில்லை. பெரிய ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் என்று ஆகிவிட்டது. 2017-இல் டெரெக் ஜீட்டரின் 2-ஐயும் நிறுத்திய பிறகு யாங்கீஸில் 1 முதல் 9 வரை ஓர் எண்கூட மிச்சமில்லை. அந்த அணியில் புதிதாகச் சேரும் பையன் ரூத்தின் 3-ஐயோ கெரிக்கின் 4-ஐயோ கனவில்தான் போட்டுக்கொள்ள முடியும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2013 நவம்பரில் டெண்டுல்கர் வான்கடேயில் விடைபெற்றார். மும்பை இந்தியன்ஸ் அப்போதே தன் 10-ஐ நிறுத்திவைப்பதாக அறிவித்தது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் எதையும் அறிவிக்கவில்லை. 2017 ஆகஸ்ட் 31 அன்று கொழும்பில் ஷர்துல் தாக்கூர் தன் முதல் ஒருநாள் ஆட்டத்துக்கு இறங்கினார். முதுகில் 10. மும்பைக்கு வெளியே பால்கரிலிருந்து கிட்பேக்கைச் சுமந்துகொண்டு வருடக்கணக்கில் லோக்கல் ரயிலில் பயிற்சிக்குப் போய் வந்த பையன் அவர். நாட்டுக்காக முதல் ஒருநாள் ஆட்டம் ஆடும் அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது வாழ்த்து அல்ல, வசவு. உனக்கு என்ன தகுதி, கழற்று அதை என்று நாடு முழுவதும் இருந்து ஏசினார்கள். பிறந்த தேதியைக் கூட்டினால் வரும் எண் என்பதால் எடுத்தேன் என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு 54-க்கு மாறினார். அந்த நவம்பரில்தான், 10 இனி யாருக்கும் கிடையாது என்று வாரியம் அதிகாரபூர்வம் இல்லாமல் முடிவெடுத்திருப்பதாகச் செய்தி வந்தது. அன்றைக்கு எழுத்தில் இல்லாத ஒரு சட்டத்தை மீறியதற்காக ஓர் இளைஞனை இத்தனை பேர் சேர்ந்து திட்டியிருக்கிறோம். டெண்டுல்கர் மேல் நமக்குள்ள அன்பு உண்மையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்புக்கான விலையை நாம் கொடுக்கவில்லை, தாக்கூர் கொடுத்தார்.

இதே கதை 2025-இலும் நடந்தது. மே மாதம் கோலி டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து விலகினார். சில வாரங்களில் இங்கிலாந்தில் இந்தியா 'ஏ' அணிக்காகப் பந்து வீசிய முகேஷ் குமாரின் முதுகில் 18 இருந்தது. உடனே கொதித்தார்கள். அந்த எண் முகேஷ் குமார் பறித்துக்கொண்டது அல்ல. 'ஏ' அணி ஆட்டங்களில் இன்ன எண் இன்னாருக்கு என்ற கட்டுப்பாடே கிடையாது.

தோனியின் 7 இனி யாருக்கும் இல்லை என்பது 2023 டிசம்பரில் தெரியவந்தது. கூடவே வெளிவந்த இன்னொரு தகவல்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அணியில் இருப்பவர்கள், அணிக்கு வரக்கூடியவர்கள் என்று ஏறக்குறைய 60 எண்கள் அப்போதே ஒதுக்கப்பட்டிருந்தன. ஓராண்டு வரை ஒருவர் அணிக்கு வெளியே இருந்தாலும் அவர் எண்ணை எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பதில்லை. யஷஸ்வி ஜெய்ஸ்வால் ராஜஸ்தானில் அணிந்த 19-ஐக் கேட்டார். அது நம் தினேஷ் கார்த்திக்கிடம் இருந்தது. அதனால் 64-ஐ எடுத்துக்கொண்டார். சுப்மன் கில் ஜூனியர் அணியில் 7 கேட்டுக் கிடைக்காமல் 77-க்குப் போனவர். இன்று இரண்டு எண் போயிருக்கிறது. வாதங்கள் எல்லாம் ஜெயித்தால் 3, 18, 99 என்று வரிசையாகப் போகும். இருபது வருடம் கழித்து வருகிற பிள்ளை எதைக் கேட்பான்?

கார்த்திக்கின் 19-க்கு ஒரு முன்கதை உண்டு. ஒருநாள் ஆட்டங்களில் ராகுல் டிராவிட் அணிந்த எண் அது. அதை நிறுத்திவைக்க யாரும் கொடி பிடிக்கவில்லை. அதனால் டிராவிடின் பெயரில் எள்ளளவும் குறையவில்லை. ஒரு தமிழ்நாட்டுக்காரர் கைக்கு வந்தது, ஒரு மும்பைப் பையன் அதற்கு ஆசைப்பட்டான். எண் இப்படிக் கைமாறிப் போவதில்தான் எனக்கு மரியாதை தெரிகிறது.

கால்பந்தைப் பார்ப்போம். நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் பிரான்ஸ் ஆடும் ஆட்டம் என்றால் திருவிழா என்பது உங்களுக்கே தெரியும். 1998 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராகத் தலையால் இரண்டு கோல் முட்டிய ஜிதானின் முதுகில் 10 இருந்தது. அவருக்கு முன்னால் பிளாட்டினி அணிந்த 10 அது. 2018 இறுதி ஆட்டத்தில் 19 வயது எம்பாப்பே கோல் போட்டபோது அவர் முதுகிலும் அதே 10. பிளாட்டினிக்காகவோ ஜிதானுக்காகவோ அதைப் பூட்டி வைத்திருந்தால் இந்தத் தொடர்ச்சி நமக்குக் கிடைத்திருக்காது. அர்ஜென்டினா பூட்டி வைக்கவே பார்த்தது. மரடோனாவின் 10 இல்லாமல் 2002 உலகக் கோப்பைக்குப் பெயர்ப்பட்டியல் கொடுத்தார்கள். 1 முதல் 23 வரை எல்லா எண்ணும் இருந்தாக வேண்டும் என்று ஃபிஃபா திருப்பி அனுப்பியது. 10-ஐ ஓர்த்தேகா அணிந்தார். அந்த விதி அன்று குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால், 2022-இல் கத்தாரில் கோப்பையைத் தூக்கிய மெஸ்ஸியின் முதுகில் வேறு ஏதோ ஓர் எண்தான் இருந்திருக்கும். மரடோனாவுக்கு அதைவிடப் பெரிய கௌரவத்தை யாரால் செய்திருக்க முடியும்?

எண்ணை வைத்து மரியாதையை அளப்பதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. எண் இல்லாத காலத்தில் ஆடியவர்களை என்ன செய்வது? கிரிக்கெட் உலகக் கோப்பையில் எண் வந்ததே 1999-இல்தான். டெஸ்ட் சட்டையில் 2019 ஆஷஸ் தொடரில்தான் வந்தது. 1983-இல் லார்ட்ஸில் கோப்பை வாங்கிய கபில்தேவின் வெள்ளைச் சட்டையில் எண் கிடையாது. நம் வெங்கட்ராகவனுக்குக் கிடையாது. டெஸ்டில் 800 விக்கெட் எடுத்து 2010-இல் விடைபெற்ற முத்தையா முரளிதரனுக்கு ஒருநாள் சட்டையில் 8 இருந்தது, அந்த 800-ஐயும் எடுத்த டெஸ்ட் சட்டை வெறும் வெள்ளை.

இன்னும் பின்னால் போனால் பல்வங்கர் பாலூ. 1876-இல் தார்வாடில் பிறந்த தலித் பந்துவீச்சாளர். புனேயில் அவர் வீசிய பந்தில் வந்த வெற்றியை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள், தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே தனியாக மண் குவளையில் கொடுத்தார்கள். 1911-இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக 114 விக்கெட் எடுத்தார். இந்துக்கள் அணியின் தலைமையை அவருக்குக் கடைசிவரை கொடுக்கவில்லை. அவர் தம்பி விட்டல் 1923-இல்தான் அந்த இடத்துக்கு வர முடிந்தது. இந்தியாவில் ஒரே ஓர் ஆட்டக்காரரைத்தான் எல்லாக் காலத்துக்கும் நினைவில் நிறுத்தலாம் என்று சொன்னால் நான் பாலூவைச் சொல்வேன். அவருக்காக நிறுத்திவைக்க ஓர் எண் இல்லை.

அடுத்து 3. இங்கே ரெய்னா ரசிகர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், நானும் ரசித்தவன்தான். 2014 மே 30, வான்கடே. நம் சென்னைக்கு எதிராகப் பஞ்சாப் 226 எடுத்திருந்தது. ரெய்னா 25 பந்தில் 87. ஆறு ஓவரில் அணி 100-ஐத் தொட்டுவிட்டது. ஏழாவது ஓவரின் முதல் பந்தில் ஜார்ஜ் பெய்லி நேராக ஸ்டம்பில் எறிந்து ரன் அவுட். அதற்குப் பிறகு ஆட்டம் அடங்கிப்போய் 24 ரன்னில் தோற்றோம். தோற்ற ஆட்டம் ஒன்றைப் பத்து வருடம் கழித்தும் இவ்வளவு ஆசையாகச் சொல்ல வைக்கிறார் என்றால் அவர் சின்ன தலதான். ஆனால் 3 என்று சொன்னதும் ரெய்னா மட்டுமே நினைவுக்கு வருவது ஏன்? இந்தியப் பெண்கள் அணியில் மித்தாலி ராஜ் அணிந்ததும் அதே 3. தமிழ்க் குடும்பத்துப் பெண். 1999-இல் 16 வயதில் முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே 114 நாட் அவுட். 2022-இல் விடைபெற்றபோது 232 ஆட்டங்களில் 7,805 ரன். 2005, 2017 என்று இரண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களுக்கு அணியைக் கூட்டிப்போன தலைவி. டீக்கடையில், டர்ஃபில், கல்யாண வீட்டில் எத்தனையோ பேர் எண்களைப் பற்றி வாதாடிக் கேட்டிருக்கிறேன், மித்தாலியின் 3 என்று ஒருவர் வாயிலிருந்தும் வந்ததில்லை. 2025-இல் விசாகப்பட்டினம் மைதானத்தில் ஒரு ஸ்டாண்டுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். எனக்கு அது எண்ணை நிறுத்துவதைவிடப் பிடித்திருக்கிறது. அங்கே ஆட்டம் பார்க்க வரும் சிறுமிக்கு அந்தப் பெயர் கண்ணில் படும். இவர் யார் என்று கேட்பாள். யாருக்கும் கொடுக்காத எண் கண்ணில் படுவதில்லை.

நாட்டு அணிக்கு ஒரு நியாயம், கிளப்புக்கு வேறு நியாயமா என்று கேட்கலாம். ஆமாம், வேறுதான். நாட்டு அணி எல்லோருக்கும் பொது. அங்கே உள்ள 7 காஷ்மீர்ப் பிள்ளைக்கும் உண்டு, காரைக்கால் பிள்ளைக்கும் உண்டு. கிளப் என்பது அதன் ரசிகர்களின் நினைவு. பெங்களூர் 2023-இல் டிவில்லியர்ஸின் 17-ஐயும் கெயிலின் 333-ஐயும் நிறுத்திவைத்தது. அப்போது அவர்களிடம் ஒரு கோப்பைகூட இல்லை. இருந்தும் அந்த ஊருக்கு அந்த இருவரும் யார் என்று முடிவுசெய்யும் உரிமை அந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கிறது. சென்னையின் மஞ்சள் சட்டையில் 7-ஐ நிறுத்தினால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன். நம்முடைய காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் மஞ்சள் ஜெர்சிக் குவியலைக் கிளறிப் பாருங்கள், வேறு எண் அகப்படுவதற்குள் கை வலிக்கும். அதே சென்னையில் அஸ்வினின் 99 பற்றி என் எண்ணம் வேறு. 106 டெஸ்டில் 537 விக்கெட் எடுத்தவரின் எண்ணைப் பெட்டியில் வைக்காதீர்கள். அடுத்து வரும் தமிழ்நாட்டுச் சுழற்பந்து வீச்சாளர் ஒருவருக்கு அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். அதை வாங்குகிறவன் அதற்குத் தகுந்தபடி வீச வேண்டும் என்ற பயத்தோடு ஓடிவருவான், அது நல்ல பயம்.

கிளப்பானாலும் அவசரம் கூடாது. கேரளா பிளாஸ்டர்ஸ் 2020-இல் சந்தேஷ் ஜிங்கனின் 21-ஐ நிறுத்திவைத்தது. அவர் அதே ஆண்டு மோகன் பகான் பக்கம் போய் எதிரணியில் நின்றார், உறவு கசந்தது. சுனில் சேத்ரி 2024 ஜூனில் கொல்கத்தாவில் கண்ணீரோடு விடைபெற்றார், 11-ஐ நிறுத்த வேண்டும் என்று குரல்கள் எழுந்தன, 2025 மார்ச்சில் அவரே திரும்பி வந்து மாலத்தீவுக்கு எதிராகக் கோலும் போட்டார். கூடைப்பந்தில் ஜோர்டானின் 23-ஐ 1994-இல் நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே 45-ஓடு திரும்பியவர், நடுவில் பழைய 23-ஐ மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார், அணிக்கு அபராதம் விழுந்தது.

அப்படியானால் நாடு முழுவதற்கும் ஓர் எண்ணை நிறுத்துவது எப்போதுமே தவறா? ஒன்றுக்கு நான் தலைவணங்குகிறேன். ஜாக்கி ராபின்சனின் 42. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் கறுப்பினத்தவரைப் பல பத்தாண்டுகள் வெளியே நிறுத்தியிருந்தது. 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ராபின்சன் உள்ளே நடந்தார். ஐம்பது ஆண்டு நிறைந்த 1997-இல் எல்லா அணிகளும் சேர்ந்து 42-ஐ நிறுத்தின. அப்போது அந்த எண்ணை அணிந்திருந்தவர்களிடமிருந்து பிடுங்கவில்லை, அவர்கள் ஆடி முடிக்கும்வரை விட்டார்கள். கடைசியாக மரியானோ ரிவேரா 2013-இல் ஓய்வுபெற்றார். இன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் 15 அன்று, எல்லா அணியிலும் எல்லா ஆட்டக்காரர்களும் 42 அணிந்து இறங்குகிறார்கள். அங்கே நிறுத்திவைத்தது ரன் கணக்குக்காக அல்ல, திறந்துவிட்ட ஒரு கதவுக்காக. அதனால்தான் எல்லோர் முதுகிலும் ஏற முடிகிறது.

நம் பக்கத்தில் இதற்கு அருகில் வருவது ஹாக்கி. 2024 ஆகஸ்டில் பாரிஸில் வெண்கலம் வென்று விடைபெற்ற கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் 16-ஐ ஹாக்கி இந்தியா நிறுத்திவைத்தது. சீனியர் அணியில் மட்டும். ஜூனியர் அணியில் 16 தொடரும் என்றார்கள், அந்த ஜூனியர்களுக்கு அவரையே பயிற்சியாளராகவும் ஆக்கினார்கள். 2025-இல் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது அவர் பயிற்சியில் இந்தியா வெண்கலம் வென்றது. நாட்டு அணியில் எண்ணை நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை என்றேன். அப்படியும் நிறுத்தத்தான் வேண்டும் என்றால் இந்த வழியைப் பிடியுங்கள். பிள்ளைகளுக்கு வழி அடைபடவில்லை.

இன்னொரு எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெஸ்ட் ஆடும் ஒவ்வொருவருக்கும் தொப்பியில் ஒரு வரிசை எண் உண்டு, நாட்டுக்காக எத்தனையாவது ஆளாக வந்தார் என்ற எண். டெண்டுல்கர் 187, தோனி 251, அஸ்வின் 271. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில், பாதி அணி காயத்தில் கிடந்தபோது, சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 300 ஆனார், வாஷிங்டன் சுந்தர் 301 ஆனார். நடராஜனுக்கு அதற்குப் பிறகு இன்னொரு டெஸ்ட் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த 300 அவருடையது, வேறு எவருக்கும் போகாது. அதற்கு வாரியம் கூட்டம் போட வேண்டாம், நாம் வாதாட வேண்டாம். நூறு டெஸ்ட் ஆடியவருக்கும் ஒரே டெஸ்ட் ஆடியவருக்கும் ஒரே சட்டம். எண்ணால் ஒருவரை என்றைக்கும் நினைவில் வைக்க வேண்டுமானால் அதற்கான ஏற்பாடு கிரிக்கெட்டில் ஏற்கெனவே இருக்கிறது, நாம்தான் அதைக் கவனிப்பதில்லை.

நம் புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பைக்குள் நுழைந்ததே 2018-19-இல்தான். நிறுத்திவைக்க நம்மிடம் பழைய எண்கள் இல்லை. துத்திப்பட்டு மைதானத்தில் நம் பிள்ளைகள் எந்த எண் அணிந்து இறங்குகிறார்களோ அங்கிருந்துதான் நம் கணக்கு தொடங்கும். ஆகையால் தம்பிகளே, உங்கள் அணியின் 7-ஐ எடுத்துவிடாதீர்கள். கேட்ட மூன்று பேரில் ஒருவருக்கு இந்த ஆண்டு கொடுங்கள். அடுத்த ஆண்டு சீசன் தொடங்கும்போது, போட்டிருந்தவரே இன்னொருவரைத் தேர்ந்து தன் கையால் மாற்றிக் கொடுக்கட்டும். யாருக்குக் கொடுப்பது என்ற சண்டை வரும், வரட்டும், அது நிறுத்துவதா வேண்டாமா என்ற சண்டையைவிட நல்ல சண்டை. இங்கே என்னோடு மாறுபடுகிறவர்கள் பாதிக்கு மேல் இருப்பீர்கள் என்று முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது. ஒலிவாங்கி கைமாறட்டும், முதலில் தோனி கட்சி பேசலாம்.